கொக்குக் கறியும் ஒரு எக்ஸ்ரேவும்

கொஞ்சம் நீளமான த்ரெட். அவசரத்துல இருக்கிறவங்க சேவ் பண்ணி வச்சுட்டு ராத்திரி படிங்க. வீட்ல சின்னப் பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தா இப்பவே படிச்சிடுங்க.

போன வாரம் ஒரே நாள்ல ரெண்டு விஷயம் நடந்துச்சு.

காலையில ஓ.பி.யில ஒருத்தர் வந்தார். நாற்பது வயசு இருக்கும், தறி நெய்யறவர். (யாருன்னு தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) முதுகுல ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும் இழுத்துப் பிடிக்கிற வலி. கல்லாத்தான் இருக்கும்னு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். படம் வந்துச்சு. கல்லும் இருந்துச்சு, சின்னதா. ஆனா வலது பக்க அடிவயித்துல கூடவே மூணு வெள்ளைப் புள்ளி. கல் இவ்வளவு பளீர்னு தெரியாது. இவ்வளவு உருண்டையாவும் இருக்காது. சட்டைப் பட்டனோ என்னவோன்னு நான் யோசிக்கும்போதே எக்ஸ்ரே அண்ணன் சொல்லிட்டாரு.

"ரவை சார். துப்பாக்கி ரவை. சீசன் ஆரம்பிச்சிடுச்சு."

என்ன சீசன்னு கேட்டேன்.

"மழை முடிஞ்சு ஏரி எல்லாம் ரொம்பிடுச்சு இல்ல சார்? கொக்கு, நாரை, கிளுவை எல்லாம் இறங்குமே, அந்த சீசன்."

நோயாளிகிட்ட திரும்பிக் கேட்டேன். கூச்சமா சிரிச்சார். "ஞாயித்துக்கிழமை கொக்குக் கறி சார். தெரிஞ்சவர் ஒருத்தர் கொண்டாந்து குடுத்தாரு. வீட்ல எல்லாரும்தான் சாப்பிட்டோம்." எல்லாரும்னா யார் யார்? அம்மா, சம்சாரம், அஞ்சு வயசுப் பையன், அப்புறம் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிற தங்கச்சி. "மாசமா இருக்கிறவளுக்கு காட்டுப் பறவைக் கறி சத்துன்னு அம்மாதான் சார் ரெண்டு துண்டு சேத்து வச்சாங்க."

அந்தக் கல் வலிக்கு ஊசி போட்டு, தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பிட்டேன். அந்த ரெண்டு துண்டு மட்டும் மனசுலயே நின்னுச்சு.

அன்னைக்கு ராத்திரி கொலராடோவிலேர்ந்து போன். கூடப் படிச்சவன், பிள்ளையார்பாளையத்துப் பையன், இப்போ அங்க சாஃப்ட்வேர்ல இருக்கான். "மச்சான், ஒரு டாக்டர் கேள்வி. கூட வேலை செய்யறவர் நவம்பர்ல எல்க் அடிச்சாரு. பத்துக் கிலோ கறி குடுத்தாரு. வீட்டுக்காரிக்கு ஆறாம் மாசம். சாப்பிடலாமா?"

எல்க் தெரியாதவங்களுக்கு: அது ஒரு பெரிய மான். நம்ம காட்டுக் கடமானை விடப் பெரிசு. நல்லா வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அமெரிக்காவிலேயே கொலராடோவிலதான் எண்ணிக்கை அதிகம். அரசாங்கமே லைசன்ஸ் குடுத்து, இத்தனைதான்னு கணக்கு வச்சு அடிக்க விடறாங்க. ஒண்ணு அடிச்சா ஒரு குடும்பத்துக்கு வருஷம் பூரா ஃப்ரீசர்ல கறி.

நான் அவன்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "என்ன குண்டுல அடிச்சாரு?"

"அது எதுக்குடா உனக்கு?"

இந்த த்ரெட்டே அதுக்கான பதில்தான்.

துப்பாக்கிக் குண்டுன்னா காலங்காலமா காரீயம். கனமான உலோகம், சீக்கிரம் உருகும், அச்சுல ஊத்தறது சுலபம், விலையும் மலிவு. வேட்டை ரைஃபிள் குண்டுல வெளியே மெல்லிய செம்பு உறை இருக்கும், உள்ளே காரீயம். அது செகண்டுக்கு 800, 900 மீட்டர் வேகத்துல போய் மான் மேல மோதும்போது நாம நினைக்கிற மாதிரி ஒரே துண்டா உள்ளே போய் நிக்காது. மெதுவான உலோகம்ங்கிறதால சிதறும். மிளகு சைஸ்ல, கடுகு சைஸ்ல, பொடி சைஸ்ல. சிதறின தூள் காயத்தைச் சுத்தி மட்டும் நிக்கறதும் இல்ல. ஒரு அடிக்கும் மேல தள்ளிப் போன துகளை எக்ஸ்ரேல பாத்திருக்காங்க.

காயத்தைச் சுத்தி ஒரு கை அளவு வெட்டிப் போட்டுட்டா மீதி சுத்தம்னுதான் வேட்டைக்காரங்க எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தாங்க. அந்த நம்பிக்கையை உடைச்சது யாருன்னா, ஒரு டாக்டர். அவரும் வேட்டைக்காரர்தான்.

வில்லியம் கார்னட்சர்னு பேரு. அமெரிக்காவுல வடக்கு டகோட்டா மாநிலத்துத் தோல் மருத்துவர். அங்க வேட்டைக்காரங்க தாங்க அடிச்ச மான் கறியை ஏழைகளுக்கான உணவு வங்கிக்குத் தானமாக் குடுக்கிற வழக்கம் இருக்கு. 2008-ல அந்தக் கொத்துக்கறி பாக்கெட்டுகளை சுமார் நூறு எடுத்து சி.டி. ஸ்கேன் பண்ணிப் பாத்தார். பாதிக்கும் மேல உலோகத் துகள் தெரிஞ்சுது. கண்ணுக்குத் தெரியாத, பல்லுல தட்டுப்படாத துகள். உணவு வங்கிகள்ல இருந்த கறியை எடுத்துடச் சொன்னாங்க. நல்ல மனசோட குடுத்த தானம்தான். வாங்கினவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க, கஷ்டத்துல இருக்கிற குடும்பத்துப் பிள்ளைங்க.

அடுத்த வருஷம் இன்னொரு ஆய்வு வந்துச்சு. 30 மானைக் காரீயக் குண்டால அடிச்சு, ஒவ்வொண்ணையும் வெவ்வேற கறி வெட்டுற கடைக்குக் குடுத்து, வழக்கம்போல வெட்டி பாக்கெட் போட்டு வாங்கி, எக்ஸ்ரே எடுத்தாங்க. பத்துல எட்டு மானோட கறியில, ஒரு பாக்கெட்டிலாவது துகள் இருந்துச்சு. அந்தக் கறியைப் பன்றிகளுக்குப் போட்டாங்க. ரெண்டு மூணு நாள்லயே அதுங்க ரத்தத்துல காரீயம் ஏறிடுச்சு. அதாவது துகள் வயித்துல சும்மா வந்து போகல, கரையுது.

இந்த இடத்துல நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். அதே வடக்கு டகோட்டாவுல 700-க்கும் மேற்பட்டவங்க ரத்தத்தைச் சோதிச்சாங்க. வேட்டைக் கறி சாப்பிடறவங்களுக்குக் காரீயம் கூடுதலா இருந்துச்சு, ஆனா கூடுதல் சின்னதுதான். யாரும் மயங்கி விழல. ஆஸ்பத்திரியில சேரல. அதனால "கறி தின்னா செத்துடுவே"ன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி பயமுறுத்தற ஃபார்வர்டு மெசேஜ் ஏற்கெனவே நிறைய இருக்கு.

பிறகு எதுக்கு இவ்வளவு பேச்சு?

காரீயம் உடம்புல ஒரு வேலையும் செய்யாத உலோகம். இரும்பு வேணும், துத்தநாகம் வேணும், செம்பு கூடக் கொஞ்சம் வேணும். காரீயம் ஒரு மைக்ரோகிராம் கூட வேண்டாம். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பெரியவங்க வயித்துக்குள்ள போற காரீயத்துல பத்துல ஒரு பங்கு மாதிரிதான் ரத்தத்துல சேரும். சின்னப் பிள்ளைங்களுக்குப் பாதி வரைக்கும் சேரலாம். உடம்பு அதைக் கால்சியம்னு ஏமாந்து எலும்புல கொண்டுபோய் வச்சுக்கும். வருஷக்கணக்கா அங்கேயே இருக்கும். பெண்கள் கர்ப்பமானதும், பால் குடுக்கும்போதும், குழந்தைக்காக எலும்புலேர்ந்து கால்சியம் கரையும் இல்லையா, அப்போ இதுவும் கூடவே கிளம்பி வரும். நஞ்சுக்கொடி இதைத் தடுக்காது.

குழந்தையோட மூளையில இது செய்யற வேலை சத்தமில்லாத வேலை. காய்ச்சல் வராது, வலிப்பு வராது (ரொம்ப அதிகமானா வரும், அது வேற). படிப்புல கவனம் கொஞ்சம் குறையும், அறிவுத்திறன் சில புள்ளி இறங்கும், கோபம் அதிகமா வரும். எந்த அம்மாவும் "டாக்டர், என் பையனுக்கு நாலு ஐ.க்யூ. புள்ளி குறைஞ்சிருக்கு"ன்னு ஓ.பி.க்கு வரமாட்டாங்க. "சரியாப் படிக்க மாட்டேங்கறான், சேட்டை"ன்னு சொல்லி ரெண்டு அடி வைப்பாங்க. அவ்வளவுதான்.

இன்னொண்ணு. இரும்புச்சத்து குறைவா இருந்தா குடல் காரீயத்தைக் கூடுதலா உறிஞ்சும். தமிழ்நாட்டுல பெண்கள்ல பாதிக்கும் மேல, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்கள்லயும் பாதிக்கும் மேல ரத்த சோகை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்ற கணக்கு இது. நான் தினம் ஓ.பி.யில கீழ் இமையை இழுத்துப் பாக்கிற கணக்கும் அதேதான். டகோட்டாவுல நல்லாச் சாப்பிடற ஆளுக்குச் சின்னதா ஏறினது, நம்ம ஊர்ல ஹீமோகுளோபின் எட்டுல இருக்கிற பொண்ணுக்கு அதே அளவுதான் ஏறும்னு நான் நம்பத் தயாரா இல்ல.

சரி, கொலராடோவுக்கு வருவோம். அங்க தீர்வு ரொம்ப சிம்பிள். குண்டை மாத்து.

முழுக்கச் செம்பாலேயே செஞ்ச வேட்டைக் குண்டு முப்பது வருஷத்துக்கும் மேலா கடையில கிடைக்குது. மானுக்குள்ள போனதும் அது சிதறாது. முனை மட்டும் பூ மாதிரி நாலு இதழா விரியும், விரிஞ்சபடியே உள்ளே போகும். வெளியே எடுத்து எடை போட்டா போன எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். கறியில துகள் விழறது அபூர்வம், விழுந்தாலும் செம்பு.

என் நண்பன் அடுத்த வருஷம் தானே போகப் போறானாம். கடைக்காரர் காரீயம்தான் எல்க் மாதிரி கனத்த மிருகத்துக்கு நல்லதுன்னு சொல்லியிருக்கார். எனக்குத் துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாது, என்.சி.சி.யில அஞ்சு தடவை சுட்டதோட சரி. ஆனா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன். அவனுக்குச் சொன்னதை இங்கயும் போடறேன், வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்க சில பேருக்கு உதவும்.

செம்பு காரீயத்தை விட அடர்த்தி குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.3 கிராம், செம்பு 9-க்குச் சற்று குறைவு. அதனால அதே எடையில செம்புக் குண்டு நீளமா இருக்கும். அதுக்காக ஒரு படி இலேசான குண்டைத் தேர்ந்தெடுக்கிறது வழக்கம். .30-06 துப்பாக்கியில 180 கிரெய்ன் காரீயம் போடறவங்க 165 அல்லது 150 கிரெய்ன் செம்புக்கு இறங்குவாங்க. எடை குறைஞ்சா பலம் குறையாதான்னு கேக்கலாம். காரீயம் பாதி வழியிலேயே எடையில ஒரு பங்கைச் சிதறி விட்டுடும். செம்பு விடாது. ஆழமாப் போகும். எல்க்கோட தோள் எலும்பு கனமானது, அங்க இதுதான் உதவும்.

குறை ஒண்ணு இருக்கு. முனை விரியறதுக்குச் செம்புக்கு வேகம் வேணும். ரொம்ப தூரத்துலேர்ந்து சுட்டா வேகம் இறங்கி, விரியாம ஊசி மாதிரி ஓட்டை போட்டுட்டுப் போயிடும், மிருகம் அடிபட்டு ஓடி எங்கயோ கிடந்து சாகும். அதனால கிட்டப் போய்ச் சுடணும், குண்டு தயாரிக்கிறவங்க சொல்ற குறைந்தபட்ச வேகத்தைப் பாத்துத் தன்னோட எல்லையை வச்சுக்கணும். எல்லாத் துப்பாக்கியும் எல்லாக் குண்டையும் ஒரே மாதிரி சுடாது. ரெண்டு மூணு வகை வாங்கி, குழாயைச் சுத்தம் பண்ணிட்டு, சீசனுக்கு முன்னாடியே பலகையில சுட்டுப் பாத்து எது நேராப் போகுதோ அதை வச்சுக்கணும். விலை கொஞ்சம் கூட. ஆனா வருஷத்துக்கு ஒரு எல்க்குக்கு ஒண்ணு ரெண்டு குண்டுதான். அவன் காஃபிக்குச் செலவழிக்கிறதை விடக் குறைவு. இதை அவன்கிட்டயே சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

ஃப்ரீசர்ல இருக்கிற பத்துக் கிலோ? நண்பர்கிட்டக் கேட்டு, காரீயக் குண்டுன்னா வீட்டுக்காரிக்கும் மூணு வயசுப் பொண்ணுக்கும் வேண்டாம்னேன். குறிப்பா கொத்துக்கறி. துகள் எல்லாம் ஒண்ணாக் கலந்து வர்றது அதுலதான். வடக்கு டகோட்டா சுகாதாரத் துறை 2008-லயே கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைங்களுக்கும் இதே அறிவுரையைத்தான் சொல்லுச்சு.

பறவைகளுக்காகவும் அங்க மாத்திக்கிட்டாங்க. நீர்ப்பறவை வேட்டையில காரீய ரவையை அமெரிக்கா 1991-லயே நாடு முழுக்கத் தடை பண்ணிடுச்சு. காரணம், சேத்துல விழுந்த ரவையை வாத்துகள் இரைப்பையில அரைக்கிற கூழாங்கல்லுன்னு நினைச்சு முழுங்கிச் செத்துச்சுங்க. டென்மார்க் 1996-ல காரீய ரவையை நிறுத்துச்சு, 2024 ஏப்ரல்ல ரைஃபிள் குண்டையும் நிறுத்திடுச்சு. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையிலேர்ந்து எந்த வேட்டைக்கும் காரீயம் கூடாது. அங்க காண்டோர்னு ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு இருக்கு. 1982-ல உலகத்துலேயே 22 தான் மிச்சம். வேட்டைக்காரங்க விட்டுட்டுப் போன குடலைத் தின்னு, அதுல இருந்த காரீயத்தால செத்துக்கிட்டிருந்துச்சு.

கழுகுன்னதும் நமக்கு எது ஞாபகம் வரும்? திருக்கழுக்குன்றம். காஞ்சிபுரத்துலேர்ந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. எங்க பாட்டி சொல்லியிருக்காங்க, உச்சி வேளையில ரெண்டு கழுகு வரும், குருக்கள் தட்டுல சர்க்கரைப் பொங்கல் வைப்பார், சாப்பிட்டுட்டுப் போகும்னு. 1990-கள் முடியறதுக்குள்ள அது நின்னு போச்சு. அந்த ரெண்டும் ஏன் வரலைன்னு நான் காரணம் சொல்ல வரல. ஆனா இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாச் செத்ததுக்குக் காரணம் நிரூபணமாகி இருக்கு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். ஆமா, நீங்க முட்டி வலின்னு வந்தா "ஒரு டைக்ளோ ஊசி போடுங்க சார்"னு கேக்கறீங்களே, அதேதான். செத்த மாட்டைத் தின்ன கழுகுக்கு சிறுநீரகம் போச்சு. 2006-ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணினாங்க. மாட்டு வைத்தியம் ஒண்ணும் நின்னு போகல. மெலாக்சிகாம்னு வேற மருந்து இருந்துச்சு, மாறினாங்க. காரீயத்துக்கும் செம்புக்கும் நடுவுல இருக்கிற கணக்கு இதேதான். வேலை அதேதான், பொருள் மட்டும் வேற.

இப்போ நம்ம ஊர்.

இங்க வேட்டை கிடையாது. 1972-ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கு, நாரை, கிளுவை எதையும் சுடக் கூடாது, விக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா நடக்கலையா? காஞ்சிபுரம் மாவட்ட ஏரிகளை வச்சே ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு பண்ணி 2017-ல ஆம்பியோ இதழ்ல வெளியிட்டிருக்காங்க. ஏரியில தண்ணி இருக்கு, மீன் இருக்கு, ஆனா வேட்டை நடக்கிற ஏரியில பறவை குறையுதுங்கறதுதான் சாரம். ஏதோ பசிக்கு ஒருத்தர் அடிக்கிறதா இது இல்ல, கறிக்கு ஆள் இருக்கு, விலை இருக்கு.

நரிக்குறவர்தான் சுடறாங்கன்னு யாராவது கமெண்ட் போட்டா டெலீட் பண்ணிடுவேன். சுடறவங்க பல தரப்பு. வாங்கித் தின்னுறவங்க நம்ம எல்லாரும். நான் பேசறது வாங்கறவங்ககிட்ட.

இங்க பயன்படறது ரைஃபிள் இல்ல. ஒண்ணு நாட்டுத் துப்பாக்கி, ஒரு பிடி ரவையை அள்ளிப் போட்டுச் சுடறது. இன்னொண்ணு ஏர்கன். 20 ஜூலுக்குக் குறைவான சக்தி உள்ள 4.5 மில்லிமீட்டர் ஏர்கன்னுக்கு நம்ம நாட்டுல லைசன்ஸே தேவையில்லை. அதோட பெல்லட் பெரும்பாலும் காரீயம். ஒண்ணு சுமார் அரை கிராம், அதாவது 500 மில்லிகிராம்.

ஒரு மனக்கணக்கு போடுவோம். கோழிக் கறியில, ஆட்டுக் கறியில ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் காரீயத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வச்சிருக்கு. ஒரு பறவையில கறி கால் கிலோன்னு வச்சுக்கோங்க. பெல்லட்டை எடுத்துத் தூரப் போட்டாச்சு. ஆனா எலும்புல உரசி அதுல ஆயிரத்துல ஒரு பங்கு, அரை மில்லிகிராம், கறியிலேயே தங்கிடுச்சு. கிலோவுக்குக் கணக்குப் போட்டா 2 மில்லிகிராம். வரம்பை விட இருபது மடங்கு. ஆயிரத்துல ஒரு பங்குக்கே இது.

அடுத்தது நம்ம சமையல். கொக்குக் கறி கவிச்சி அடிக்கும்னு புளி தாராளமா ஊத்தி, நல்லா கொதிக்க விட்டு, அடுத்த நாளும் சுட வச்சுச் சாப்பிடறது வழக்கம். மறுநாள் குழம்புதான் ருசின்னு வேற சொல்வோம். புளிப்பு காரீயத்தைக் கரைக்கும். ஸ்பெயின்ல பறவைக் கறியைக் காரீய ரவையோட வினிகர் ஊத்திச் சமைச்சுப் பாத்தாங்க. புளிப்பு இல்லாம சமைச்சதை விடக் குடல் உறிஞ்சக்கூடிய காரீயம் நிறைய. "நல்லா வேக வச்சுட்டோம் சார்"ங்கிறது கிருமிக்குத்தான் பொருந்தும். உலோகம் வேகாது.

(ஈயச்சொம்பு ரசம் சாப்பிடலாமான்னு கேக்கப் போறவங்களுக்கு: ஈயச்சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்துல, குண்டு காரீயம். ரெண்டும் வேற வேற உலோகம், நம்ம மொழியில பேருதான் ஒண்ணு. ஆனா மலிவு விலைச் சொம்புல காரீயம் கலந்திருந்தா கண்ணால கண்டுபிடிக்க முடியாது. தெரியாத கடையில வாங்காதீங்க.)

நம்ம மாவட்டத்துக்கு இந்த விஷயத்துல ஒரு பழைய பெருமை உண்டு. வேடந்தாங்கல். 2019 வரைக்கும் காஞ்சிபுரம் மாவட்டம்தான், இப்போ செங்கல்பட்டு. 1790-கள்ல வெள்ளைக்கார சிப்பாய்ங்க அந்த ஏரியில பறவைகளைச் சுட்டப்போ, ஊர்க்காரங்க கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்டப் போய் முறையிட்டு, இங்க சுடக் கூடாதுன்னு எழுத்துல உத்தரவு வாங்கினாங்க. அந்தக் காகிதம் தொலைஞ்சு போனதும் சும்மா விடல, 1858-ல திரும்பப் போய்ப் புதுப்பிச்சு வாங்கினாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி நெல்லுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. படிச்சவங்க யாரும் அவங்களுக்கு வகுப்பு எடுக்கல.

அருணாசலப் பிரதேசத்துல 2021 மார்ச்ல ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கேஸ் இல்ல, தண்டனை இல்ல, கொண்டு வந்து குடுத்துடுங்கன்னாங்க. வேட்டை வழிவழியா வந்த மக்கள் அவங்க. இருந்தும் 2000-க்கும் மேல குடுத்தாங்க. நம்ம மாவட்டத்துல ஏரி சீசனுக்கு முன்னாடி, அக்டோபர்ல, இதை ஒரு தடவை செஞ்சு பாக்கலாம்ங்கறது என் கருத்து. பிடிச்சு உள்ள போடறதை மட்டும் நம்பினா மாட்டறவன் என்னைக்கும் ஏழையாத்தான் இருப்பான், சாப்பிட்டவன் வெளியே இருப்பான்.

இன்னொரு கருத்து. ஏர்கன் பெல்லட்டைக் காரீயம் இல்லாமத்தான் விக்கணும்னு விதி வேணும். வீட்டுப் பெயின்ட்டுல காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல கூடாதுன்னு 2017-லேர்ந்து சட்டம் இருக்கு. சுவத்துல இருக்கிறதுக்கு வரம்பு, குழம்புல விழறதுக்கு வரம்பு இல்லையா? ரைஃபிள் கிளப்புல பயிற்சி எடுக்கிற பள்ளிப் பிள்ளைங்க அந்தப் பெல்லட்டைத்தான் நாள் முழுக்கக் கையில எடுக்கிறாங்க. பெற்றோர்களே, பயிற்சி முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவாம டிஃபன் பாக்ஸைத் திறக்க விடாதீங்க. பெல்லட்டை வாயில வச்சுக்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு, அது வேண்டவே வேண்டாம்.

மூணாவது, நாங்க செய்ய வேண்டியது. ரத்தத்துல காரீயம் பாக்கிற பரிசோதனை மாவட்ட அளவுல, இலவசமா, சர்க்கரை பாக்கிற மாதிரி சாதாரணமாக் கிடைக்கணும். உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு ரத்தத்துல காரீயம் 5 மைக்ரோகிராமுக்கு மேலன்னு 2020-ல யுனிசெஃப் அறிக்கை சொல்லுச்சு. அதுல பெரிய பங்கு இந்தியா. பழைய பேட்டரி உருக்கறது, கலப்பட மஞ்சள் தூள், பெயின்ட்னு வழிகள் பல. கொக்குக் கறி அதுல சின்ன வழிதான், ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கே அடைக்கக்கூடிய வழி அது.

ஏற்கெனவே சாப்பிட்டவங்க என்ன செய்யறது? ஒரு தடவை ரெண்டு தடவைக்குப் பயப்பட வேண்டாம். பெரியவங்க முழுங்கின ரவை பெரும்பாலும் சில நாள்ல மலத்தோட போயிடும். அபூர்வமா குடல்வாலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்போதான் பிரச்சினை. சீசன் முழுக்கச் சாப்பிடற வீடுன்னா, அடிக்கடி காரணமில்லாத வயித்து வலி, மலச்சிக்கல், மாத்திரை போட்டும் ஏறாத ரத்த சோகை இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. நாங்க போலீஸ் இல்ல. கர்ப்பிணியும் குழந்தையும் சாப்பிட்டிருந்தா கண்டிப்பா சொல்லுங்க. இரும்புச்சத்து மாத்திரையை விடாம போடுங்க, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் சேருங்க. காரீயத்தை வெளியேத்தற பவுடர்னு யாராவது வித்தா காசைத் தண்டம் பண்ணாதீங்க. அதுக்கான உண்மையான மருந்து அளவு ரொம்ப அதிகமானவங்களுக்கு, ஆஸ்பத்திரியில வச்சுக் குடுக்கறது.

அந்த நெசவாளர் நேத்து திரும்ப வந்தார். கல் வலி இல்ல. எக்ஸ்ரேல மூணு புள்ளியில ரெண்டு போயிடுச்சு, ஒண்ணு அதே இடத்துல நிக்குது. அடுத்த வாரம் மறுபடியும் படம் எடுக்கணும். பையனையும் தங்கச்சியையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். "அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே சார்?"னு கேட்டார். ரத்தம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்னேன்.

சந்தேகம் இருந்தா கேளுங்க. இன்னைக்கு நைட் ட்யூட்டி, பதில் லேட்டாத்தான் வரும்.